நான் அழித்த பென்சில் குறிப்புகள்

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதைச் சொன்னால் நீங்கள் மனதுக்குள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. கல்பாக்கம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் தாள் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட ஒருவனுக்குப் போய் இது நடந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய படப் புத்தகங்கள் சேர்ப்பேன். கதைப் புத்தகம் இல்லை, செடி, பறவை, பூச்சி இவற்றையெல்லாம் வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டிய, நூறு நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்கள். இலையின் ஒரு நரம்பை எப்படி இழுத்திருக்கிறான் பாருங்கள் என்று என் மனைவி வசந்தாவிடம் காட்டுவேன். குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டே அறை, அதில் ஒன்றைச் செல்லரித்த புத்தகங்கள் அடைத்துக்கொண்டிருக்க, அவள் எந்த நரம்பைப் பார்ப்பாள்? இனிமேல் ஒரு புத்தகம்கூட வாங்குவதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

சத்தியம் செய்த மூன்றாம் மாதம், தொண்ணூற்றேழில், செங்கல்பட்டில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த முனுசாமி ஆள் அனுப்பினார். ஏரிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், அங்கிருந்து வந்தது என்று ஒரு பெரிய புத்தகத்தைத் தராசிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன்பக்கங்கள் போய்விட்டன, புத்தகத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. ஆனால் தொண்ணூற்றாறு படங்கள், எல்லாம் நம் பக்கத்துச் செடிகள், ஒவ்வொரு படத்துக்கும் மேலே மெல்லிய தாள். விலைகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

"இன்னா சார், இந்த நாத்தம் புடிச்சத வூட்டுக்கு எட்த்துனு போனா அம்மா உள்ள வுடுவாங்களா?" என்று முனுசாமி கேட்டார். விடவில்லை. இரண்டு நாள் வசந்தா என்னோடு பேசவில்லை. அது வேறு கதை.

என் கதை அந்தப் புத்தகத்திலிருந்த பென்சில் குறிப்புகளைப் பற்றியது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் யாரோ தமிழில் கிறுக்கி வைத்திருந்தார்கள். செடியின் பெயர், ஓர் இடம், இரண்டொரு வார்த்தை. எல்லாம் அந்தக் காலத்து எழுத்து, 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துப் போடுவார்களே, அது. புத்தகத்தில் எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அப்படி ஒரு படத்தின் அடியில் போய் எழுத எப்படித்தான் மனசு வருமோ! வரைபட வேலைக்கு வைத்திருந்த மிருதுவான ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் கசங்காமல், வண்ணம் கலையாமல், ஒரு வாரம் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து தொண்ணூற்றாறையும் அழித்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பத்து நாள் கழித்துப் புரட்டினால் நாயுருவிப் படத்தின் அடியில் அதே பழைய எழுத்து இருக்கிறது. அழிக்க விட்டுப்போயிருக்கும் என்று ரப்பரை எடுத்தவன், படித்ததும் நிறுத்திவிட்டேன். "நாயுருவி. கேளம்பாக்கம், பஸ் நிற்கும் இடம். கால்சட்டையில் ஒட்டியது."

அதற்கு முதல்நாள்தான் நான் கேளம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த நாயுருவி முள்ளைப் பிய்த்துப் போட்டேன். எனக்கு வந்தது பயமே இல்லை, கோபம். வேறு யார் எழுதியிருக்க முடியும்? துணி துவைப்பவள் வசந்தா. அவளும் சின்ன வகுப்பில் அந்தப் பழைய எழுத்தைப் படித்தவள்தான்.

"கிண்டல் பண்ணணும்னா வாயால பண்ணு, புத்தகத்துல ஏன் எழுதற?" என்று கத்தினேன்.

"உங்க பேண்ட்டைத் துவைச்சுப் போட்டதுக்கு இது வேற எனக்கு வேணும்" என்றாள்.

அழித்தேன். நான்கு நாளில் தும்பைப் படத்தின் அடியில் வந்தது. பிறகு குப்பைமேனி. எல்லாம் நான் போன இடம், நான் பார்த்த செடி. நான் அழிக்க, அது வர, நான் கத்த, இப்படியே ஒரு மாதம் ஓடியது. கடைசியில் ஒருநாள், உனக்கு என்னைப் பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிடு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, மதுராந்தகத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போகப் புடவைகளை அடுக்கினாள். அடுக்கியவள் நிறுத்தி, "போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுப் போறேன். புத்தகத்தை பீரோல வெச்சுப் பூட்டுங்க. சாவியை நீங்களே வெச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா சேந்து திறப்போம். எழுதறது நான் இல்லைன்னு ஆச்சுன்னா என் கால்ல விழணும்" என்றாள்.

பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மகாபலிபுரம் போனேன். வெள்ளைக்காரர்களுக்குப் பழைய படங்கள் விற்கிற ஒரு கடையில் பறவைப் புத்தகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் கடைக்காரர் பிளேடால் படங்களை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டிவைத்திருக்கிறார்! வெறும் அட்டையும் எழுத்தும் கீழே கிடக்கின்றன.

"முழு புக்கு எவன் சார் வாங்கறான்? பிரேம் போட்டா ஒண்ணொண்ணா வாங்கினு போய்னே கீறான்" என்றார்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து, கடையின் பின்னால் ஒரு தாழம்புதரின் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்து, கோபம் தணிகிறவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் யாருமில்லை. வீட்டுக்குப் போய், இன்றைக்கு ஆபீசில் நல்ல வேலை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பதினொரு மணி. நல்ல வெயில், பக்கத்து வீட்டு ரேடியோ பாடுகிறது. நான் சாவியை அவிழ்த்தேன், வசந்தா பீரோவைத் திறந்தாள், புத்தகத்தை அவளே எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். நாற்பதாவதோ என்னவோ, தாழைப் படத்தில் நின்றாள். அவள்தான் சத்தமாகப் படித்தாள்.

"தாழை. மகாபலிபுரம், படக்கடைக்குப் பின்னால். பூ இல்லை. கோபம்."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அதுதான் எழுதியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"மகாபலிபுரமா? அப்போ நேத்து ஓவர்டைம் இல்லையா?"

நான் அங்கே போனது அவளுக்குத் தெரியாது என்பதற்கு அவளுடைய அந்த முகமே போதும். எந்தப் பிசாசாக இருந்தாலும் ஒரு மனுஷனை இப்படியா மாட்டிவிடும்? காலில் விழுந்தேன், சந்தேகப்பட்டதற்கு ஒரு தடவை, பொய் சொன்னதற்கு ஒரு தடவை. அவள் பெட்டியில் இருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். ஆனால் புத்தகம் இருந்த அறைக்குள் ஒரு வாரம் வரவில்லை.

திங்கட்கிழமையே லீவு போட்டுவிட்டு முனுசாமி கடைக்குப் போனேன். யார் வீட்டுப் புத்தகம் என்று கேட்டேன்.

"அந்த ஏரிக்கரையாண்ட வூடு சார். அதுல ஒருத்தர் இருந்தாரு, எங்க நைனா காலத்துல. சின்ன வயசுலயே காச்சல் வந்து ரெண்டு காலும் போச்சு. படுத்த படுக்கைதான். வெளிய போவவே முடியாது. ரோட்ல போறவங்கள எல்லாம் ஜன்னலாண்ட கூப்ட்டு, எங்க போய்ட்டு வர, வழில இன்னா செடி பாத்தன்னு கேட்டுகினே இருப்பாராம். பேஜாரு தாங்கலன்னு எங்க நைனா சொல்லும். ஆனா நின்னு சொல்லிட்டுதான் போவும். கேட்டத எல்லாம் ஏதோ புக்குல எழுதிப்பாராம். நீ பாத்தியா சார் அத?"

"அழிச்சுட்டேன்" என்றேன்.

முனுசாமி கையில் இருந்த சணல் கயிற்றைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா? இன்னா சார் நீ. படிச்ச ஆளு."

எந்த ஊர்க்காரன் எந்த வழியில் எதைப் பார்த்து வந்து அவரிடம் சொன்னானோ, ஒன்றும் மிச்சமில்லை. அவர் பார்த்த உலகமே அவ்வளவுதான். அதை ஒரு வாரத்தில் ஊதித் தள்ளியிருக்கிறேன்.

அப்புறம் என்ன, அழித்ததற்கு ஈடாக அவருக்குச் செடி பார்த்து வர நடந்தேன். வாரத்தில் ஐந்து நாள் சர்க்காருக்கு உழைப்பது, ஞாயிற்றுக்கிழமை இவருக்கு உழைப்பது. திருக்கழுக்குன்றம் மலைப்படி, ஏரிக்கரை, கடலோரம் என்று வெயிலில் அலைந்து, முட்டி வலி வந்து, நாய் துரத்தி, ஒரு தடவை வேலி முள்ளில் வேட்டி கிழிந்து, அதையும் விடாமல் "வேலியில் மாட்டிக்கொண்டான்" என்று எழுதிவைத்திருந்தார்! போகிற போக்கில் பார்த்தால் எழுத்து வராது. நின்று, குனிந்து, ஒழுங்காகப் பார்த்தால்தான் வரும். இரண்டாவது வருஷத்தில் இருந்து வசந்தாவும் கூட வந்தாள். "ஏங்க, அதோ பாருங்க, அந்த மஞ்சப் பூ படத்துல இருக்கு" என்று அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் புத்தகத்தைப் போய்த் திறப்பாள். பயம் எப்போது போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எட்டு வருஷத்தில் தொண்ணூற்றைந்து படங்கள் நிரம்பின. ஒன்று மட்டும் காலி. அது அபூர்வமான செடி என்று நினைக்காதீர்கள். எருக்கு! எங்கே திரும்பினாலும் நிற்கிற செடி. நூறு தடவை நின்று, குனிந்து, பூவைத் தொட்டுப் பார்த்திருப்பேன். எழுத்து வரவில்லை. மனுஷனை நடக்கவைத்தே கொல்கிறார் என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டக்கூடச் செய்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் வேலையை முடித்துக்கொண்டு படூரில் ஃபிளாட் வாங்கி வந்தோம். நான்காம் மாடி, புதுக் கட்டடம், பெயின்ட் வாசனை போகவில்லை. வந்த இரண்டாம் வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அலமாரியில் புத்தகங்களை அடுக்கும்போது சும்மா திறந்தேன். எருக்குப் படத்தின் அடியில் எழுதியிருந்தது.

"எருக்கு. படூர், நான்காம் மாடி, படுக்கையறை ஜன்னல். பூத்திருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை."

வசந்தா பக்கத்திலேயே நின்று படித்தாள். இரண்டு பேரும் படுக்கையறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தோம். வெளியே ஒரு சாண் அகலத்துக்கு சிமெண்டு விளிம்பு. எருக்கு இல்லை, புல் இல்லை, ஒரு விரிசல்கூட இல்லை. நான் பார்த்த பிறகுதான் அதுவரை எல்லாம் வந்தது. இது ஒன்றுதான் நான் பார்ப்பதற்கு முன்பே. ஆளில்லாத வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் வரவில்லை.

அதை அழித்துவிடலாமா என்று எத்தனையோ தடவை ரப்பரைக் கையில் எடுத்து, திரும்ப வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இன்றைக்குக் காலையிலும் எழுந்ததும் நான் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். விளிம்பு சுத்தமாக இருந்தது. எனக்கு முன்னாலேயே எழுந்து அவள் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள், ஈரம் இன்னும் காயவில்லை.