புதுச்சாமையின் முதல் கவளம்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலிருந்து செம்மேடு வழியாக நாமக்கல் போகும் பேருந்தில் கருப்பண்ணன் நடத்துனர். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்த மலைக் குடும்பம். 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாமக்கல்லில் வண்டி நிற்கும் மதிய இடைவேளைகளில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய்வரலானார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருந்த இணையத் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றை அங்கேதான் பார்த்தார். அதில் கொல்லிமலைக்கும் ஒரு பக்கம் இருந்தது. அருவி இருந்தது, கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன, பழைய காலத்து மன்னன் இருந்தான். மலையில் குடியிருக்கிற சனம் மட்டும் இல்லை.

"ரோட்டப் பத்தி எழுதியிருக்கறாங்க, ரோட்டுல போறவனப் பத்தி ஒரு வரி இல்லீங்க" என்று ஓட்டுநர் அர்த்தனாரியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அடிவாரத்துக்காரரான அர்த்தனாரி சிரித்தார். "நீங்களே எழுதிப் போடுங்க. எழுதற மும்முரத்துல மிச்சச் சில்லறை குடுக்க மறந்துராதீங்க, அப்பறம் என்னைய வைவாங்க."

எழுதினார். 'நடத்துனர்' என்றே பெயர் பதிந்துகொண்டார். பயணிகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தி சேர்த்தார். வெவ்வேறு வீட்டார் மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால்தான் ஒரு செய்தி பக்கத்தில் ஏறும். விதைப்பு, கல்யாணம், சாவு என்று பத்தி பத்தியாக வளர்ந்த அந்தப் பகுதியில் ஒரு வரி இப்படி இருந்தது: 'கொல்லிமலையில் புதுச்சாமைச் சோற்றின் முதல் கவளம் உழுத மாட்டுக்கே ஊட்டப்படும், அதன் பிறகே வீட்டார் உண்பர்.'

அந்த ஆண்டுக் கடைசியில் 'மிளகுக்கொடி' என்ற பெயரில் எழுதும் ஒருவர் மாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'கட்டிக்கொடுத்த மகளுக்கே' என்று போட்டார். கருப்பண்ணன் மறுநாளே மாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் மறுபடி மகள். கருப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில், 'மலை ஏறிப் பார்த்துவிட்டு எழுதவும்' என்று எழுதினார்.

'மலையிலிருந்து இறங்கி வந்துதான் எழுதுகிறேன். என் ஊர் வாசலூர்பட்டி' என்று பதில் வந்திருந்தது.

அதற்குக் கீழே, அந்தத் தளத்தை மேற்பார்த்த தன்னார்வலர்களில் ஒருவரான குணசேகரன் எழுதியிருந்தார்: 'இருவரும் மாற்றி மாற்றி அழிக்க வேண்டாம். அச்சில் வந்த சான்று எதுவும் இந்தப் பகுதிக்கு இல்லை. ஒரு வாரத்துக்குள் இருவரும் பேசி முடிவுக்கு வாருங்கள். இல்லையேல் பகுதி முழுவதையும் நீக்க வேண்டியிருக்கும்.'

பகுதி முழுவதும் என்றால், ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பு. அதைவிட, மலைச் சனம் மறுபடியும் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவிடும். அன்று மாலை வண்டி மலை ஏறியது. செம்மேட்டில் பாதிக் கூட்டம் இறங்கி, வாசலூர்பட்டிப் பக்கம் போகிற வேறொரு பேருந்துக்கு ஓடியது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. தான் கேட்ட மூன்று வீட்டாரும் எப்போதுமே செம்மேடு தாண்டியும் தன் வண்டியில் வருகிறவர்கள். வளப்பூர் நாட்டு வழக்கத்தை மலை முழுதுக்கும் எழுதி வைத்திருக்கிறார்.

செம்மேட்டுச் சந்தை நாளன்று, வண்டி நிற்கும் நேரத்தில் அந்த இன்னொரு பேருந்தின் படியருகே போய் நின்றார். பலாக்கொட்டைப் பையோடு பாவாயி என்ற பெண் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்க ஊருல புதுச்சாமைச் சோறு மொதல்ல ஆருக்குங்க?"

"இதென்ன சாமி, டிக்கெட்டுக் கேக்கறத உட்டுட்டுச் சோத்தக் கேக்கறீங்க?" என்றார் பாவாயி. "கட்டிக் குடுத்த புள்ள வந்து கை நனைக்கோணும். அதுக்கப்பறந்தானுங்க எங்களுக்கு."

"எங்க ஊருல மாட்டுக்குங்க."

உள்ளேயிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். "பொண்ணு கட்டிக் குடுத்தா வருசம் ஒருக்கா வந்து சீர் கேக்கும். மாடு கேக்காது. வெவரமான நாடுதானுங்க!"

பேருந்தே சிரித்தது. கருப்பண்ணனும் சிரித்தார்.

கெடு முடிவதற்குள் அவரே தன் வரியைத் திருத்தினார். 'கொல்லிமலையில்' என்பதை எடுத்துவிட்டு 'வளப்பூர் நாட்டுச் சில ஊர்களில்' என்று எழுதினார். பேச்சுப் பக்கத்தில், 'என் வண்டி போகாத ஊர்களை நான் கேட்கவில்லை. உங்கள் ஊர் வழக்கத்தை அடுத்த வரியாக நீங்களே எழுதுங்கள்' என்று குறித்தார். மிளகுக்கொடி எழுதினார். அவரும் மலை முழுதுக்கும் நீட்டாமல் வாசலூர்பட்டியோடு நிறுத்திக்கொண்டார். குணசேகரன் பகுதியை நீக்கவில்லை. தலைப்பில் 'சான்று தேவை' என்ற குறிப்பை மட்டும் தொங்கவிட்டார். அது சரிதான் என்று கருப்பண்ணனுக்கும் பட்டது.

தைப் பொங்கல் நெருங்கிய ஒரு மாலை, நாமக்கல்லில் பையும் கையுமாக ஒரு இளம்பெண் ஏறினார்.

"செம்மேடு ஒண்ணுங்க. நான் சுஜிதா, சேலத்துல லேப்ல வேலைங்க" என்றவர், சீட்டை வாங்கிக்கொண்டு, "வளப்பூர் நாட்டு மாடு சௌக்கியங்களா?" என்றார்.

இவர்தான் மிளகுக்கொடி என்று கருப்பண்ணனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "மாடு தின்னு முடிச்சிருச்சுங்க. உங்க ஊட்டுல?"

"இன்னும் ஆரும் தொடலீங்க. கட்டிக் குடுத்த புள்ள நான் போயித்தானுங்க. செம்மேட்டுல எங்கூரு பஸ்ஸு போயிருச்சுன்னா ஊடே பட்டினிங்க."

கருப்பண்ணன் முன்பக்கம் திரும்பினார். "அண்ணா, கொஞ்சம் வெரசா எடுங்க" என்று குரல் கொடுத்து விசிலை ஊதினார்.