கதவின் எர்த் கம்பி

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஷாக் டீச்சர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன் வகுப்பு எடுக்கிறாள். வயரிங் செய்து காட்டும்போது வேண்டுமென்றே ஒரு கம்பியை மாட்டாமல் விட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். யாராவது, "டீச்சர், எர்த்!" என்று கத்தினால்தான் மாட்டுவாள். அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருடம் ஒரு புது உத்தரவு வந்தது. தொழிற்கல்வி ஆசிரியர்கள் இரண்டு வாரம் தொழிற்சாலையில் வேலை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு வகுப்பு கிடையாது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கலாம். அந்த அறையின் துரு வாடையே அவளுக்கு ஆகாது.

அவளை அனுப்பியது தண்ணீர் பம்புகளுக்கு கன்ட்ரோல் பெட்டி செய்யும் இடத்துக்கு. கடைசி நாள் ஒரு பெட்டியை முழுதாக அவளே கட்டினாள். அவளைவிடப் பத்து வயது சின்னவரான மேற்பார்வையாளர், "பிரமாதம் டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், துவைத்து மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அந்தப் பெட்டிக் கதவின் எர்த் கம்பிக்கு முன்னால், வகுப்பில் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு மாட்டினாளா?

"என்ன, காலுல சக்கரம் கட்டின மாதிரி சுத்திட்டிருக்கே?" என்றார் கணவர்.

சொன்னாள்.

"அட, டெஸ்ட் பண்ணாமலா அனுப்புவாங்க? யாராவது பாத்துப்பாங்க, விடு."

யாராவது பார்த்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக அவள் கை நம்பியிருந்ததும் அதைத்தான். பம்பை நிறுத்த வருகிறவன் முதலில் தொடுவது அந்த இரும்புக் கதவை. உள்ளே கரண்ட் கசிந்தால், எர்த் இல்லாத கதவு அவனை அடித்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

பெட்டி லாரியில் ஏறியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இறக்க வைத்தாள். கதவைத் திறந்ததும் பச்சை எர்த் கம்பி சும்மா தொங்கியது. மேற்பார்வையாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"டெஸ்ட்ல பாக்கலையா?" அவள் குரல் உயர்ந்தது.

"டீச்சர் கட்டினதாச்சேன்னு... கதவையே திறக்கல."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, கம்பியை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, கையால் இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "சரியாயிடுச்சில்ல? கிளம்புங்க டீச்சர். நானும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சிக்கல்."

பையில் சான்றிதழ் இருந்தது. வாசல் நாலு எட்டில் இருந்தது. ஸ்டோர் ரூமின் துரு வாடை இங்கேயே மூக்கில் அடிப்பது போலிருந்தது அவளுக்கு.

பெட்டியோடு போகும் வேலைத்தாளை எடுத்து, "எர்த் மாட்டாமல் விட்டது நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் கீழே "சோதனையில் பார்க்கவில்லை" என்று எழுதி, வெகுநேரம் பேனாவை மூடாமல் நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், சான்றிதழைத் திருப்பிக் கேட்டார்.