யாருடையதும் இல்லாத குழாய்

லாண்டரி அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் ஒரு வாடிக்கையாளரிடம் "நாளைக்கு ரெடி" என்று சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து "எந்த வருஷத்து நாளைக்குன்னு கேட்டுக்குங்க" என்று குரல் வரும். வாடிக்கையாளர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் கடை அப்படியொன்றும் பெரிதில்லை. பின்பக்கம் இரண்டு சிமெண்ட் தொட்டிகள், எந்த ஓட்டலோ கழித்துக் கட்டிய பெரிய வாஷிங் மெஷின், மாடியில் கொடிகள், முன்னறையில் இஸ்திரி மேஜை. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வருகிற நாள் துவைக்கிற நாள், வராத நாள் இஸ்திரி நாள். அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன கிழமை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இஸ்திரி போடுவது அவர் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு "ம்". அவர்களுக்குச் சோறு போட்டது ஒரு நர்சிங் ஹோமின் படுக்கை விரிப்புகள்.

அக்காவின் பெருமையெல்லாம் குறியில் இருந்தது. எந்தத் துணி வந்தாலும் ஓரத்தில் அழியாத மையால் ஒரு குறி போடுவார், வீட்டுக்கு ஒரு குறி. "என் கடையில ஒரு கைக்குட்டைக்குக்கூட சொந்தக்காரங்க உண்டு" என்பார். கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் துணிகளுக்கென்று மேலே ஒரு தட்டு. அதில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. அதைப் போட்ட குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைத்திருக்கும். தூக்கிப் போடுங்கள் என்று சொன்னால் என் மேல் பாய்வார். "வந்து கேட்டா என்னடா பதில் சொல்றது?"

பூமிக்கு அடியில் ரயில் விடப்போகிறோம் என்று தெரு நடுவே குழி வெட்டினார்கள். சுற்றிலும் தகரத் தடுப்பு. ஆள் நடக்க மட்டும் ஒரு சந்து விட்டார்கள். எதிரே யாராவது வந்தால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், என் வயிற்றுக்கு அதுவும் போதாது. நர்சிங் ஹோம் வண்டி தெருமுனையோடு நின்றுவிட்டது. அக்காவும் மாமாவும் விரிப்பு மூட்டைகளைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்தார்கள். "ஆறு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்" என்றார் அக்கா.

ஓட்டியிருக்கலாம். ஆனால் குழிக்குள் குறுக்காக ஒரு பழைய இரும்புக் குழாய் தலைகாட்டியது. அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

குடிநீர் வாரியத்துக் குழாய்தான், அவர்களே வந்து மாற்றிப் போடட்டும் என்றது ரயில்வே. வாரியத்துக்காரர்கள் வரைபடத்தை விரித்து, எங்கள் குழாய் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, இது எங்களுடையதே இல்லை என்றார்கள். அப்படியே மாற்றச் சொன்னாலும் செலவு ரயில்வேயுடையது என்று ஒரு கொக்கியும் போட்டார்கள். கழிவுநீர்க்காரர்கள் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். கேபிள்காரர்கள் எதற்கு வந்தார்களோ, டீ குடித்துவிட்டுப் போனார்கள். யாருடையது என்று தெரியாத குழாயை அறுக்கவும் கூடாதாம். கடிதம், பதில் கடிதம், மறு ஆய்வு என்று இரண்டு மழைக்காலம் வந்து போனது. ஒரு அடி காலி இடம் கிடந்தால் நாலு பேர் வேலி போட வருகிற ஊர் இது. இந்த ஒரு குழாயை மட்டும் எவனும் என்னுடையது என்று சொல்லவில்லை.

இதற்குள் தெருவில் பாதிக் கடைகள் மூடிவிட்டன. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. மூட்டை நனைந்து வருகிறது, நேரத்துக்கும் வருவதில்லை, தெரு சீக்கிரம் திறக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று நர்சிங் ஹோம் மேனேஜர் சொல்லி அனுப்பினார். வெளியூரில் இருக்கும் மகள், கடையை மூடிவிட்டு வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னாள்.

"அங்க வந்து? உன் வீட்டு மூலையில உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கவா? என் தொட்டியும் மேஜையும் இருக்கற வரைக்கும் நான் யார் கையையும் எதிர்பாக்க மாட்டேன்" என்று போனை வைத்தார். வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதார். எங்கள் சுவர் மெல்லிய சுவர்.

கடைசியில் ஒரு நாள் எல்லா இலாகாக்களும் ஒன்றாக வந்தன. குழாயில் துளை போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. தெருவே தடுப்பைச் சுற்றி நின்றது. அக்காவும் வந்தார், மாமா அப்போதுதான் தேய்த்து முடித்த விரிப்பைச் சூடு ஆறாமல் தோளில் போட்டுக்கொண்டு. துளை போட்டார்கள். துரு உதிர்ந்தது, கொஞ்சம் ஈரம் கசிந்தது, அதோடு நின்றுவிட்டது.

"செத்த லைன்" என்றார் ரயில்வே இன்ஜினியர். வாரியத்து இன்ஜினியர் வேகமாகத் தலையாட்டினார், வேலை மிச்சமல்லவா. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று ரயில்வேக்காரர் கூட்டத்தைப் பார்த்து ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

அக்கா முன்னால் வந்தார். "இத்தனை ஆபீசருங்க ரெண்டு வருஷமா ஒரு குழாயை வெச்சுக்கிட்டு எங்க உயிரை எடுக்கறீங்களே, நல்லா இருக்கா சார்? யாருதும் இல்லன்னா அறுத்துப் போடுங்க! நான் சொல்றேன், அறுங்க!"

தெரு கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். சாயங்காலமே குழாயை அறுத்து, இரண்டு முனையிலும் சாக்கைத் திணித்தார்கள். அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு கேலியும் இல்லாமல். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் துவைக்கிற நாள். அக்கா குழாயைத் திறந்தார். ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். இரண்டு கடைக்கும் ஒரே இணைப்பு என்பதால் என் குழாயும் வறண்டு கிடந்தது. அதே நேரம் தடுப்புக்குப் பின்னால் சத்தம் கேட்டு ஓடினோம். அறுத்த முனை சாக்கைத் துப்பிவிட்டுக் குழிக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர்.

எதிர்ப்பக்கம் புதுக் குழாய் போட்ட காலத்தில் காகிதத்தில் எல்லோரையும் அதற்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கட்டிடத்தை மட்டும் மண்ணுக்கு அடியில் மாற்ற மறந்துவிட்டார்கள். முந்தைய நாள் தண்ணீர் வராத நாள், இஸ்திரி நாள். வராத நாளில் துளை போட்டால் எந்தக் குழாயும் செத்த குழாய்தான். இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோளில் சூடான விரிப்போடு நின்றவர் அவர். ஆனால் அந்தக் குழி மூடினால் போதும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அன்று அவர் மனதில் இடமில்லை.

"என் நாக்குல சனி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வாரியத்து இன்ஜினியர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். "உங்க கனெக்‌ஷன் எதிர்ப்பக்கத்து மெயின்லேர்ந்து வருதும்மா. மெயின்ல தண்ணி இருக்கு. அப்ப உங்களுக்கும் வரும்."

"வரலையே சார்!"

"வரணும்" என்றார், ஏதோ அக்காதான் பிடிவாதம் பிடிக்கிற மாதிரி.

"அப்ப குழியில கொட்டறது என்ன?"

"ஊத்தா இருக்கும்."

"ஊத்துத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை வருமா சார்?"

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எங்களுடையது என்று இப்போது ஒப்புக்கொண்டால் இரண்டு வருடத் தாமதமும் அவர்கள் தலையில் அல்லவா விடியும். அக்கா ரயில்வே இன்ஜினியரிடம் ஓடினார். அந்த மனுஷன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஏம்மா, நீங்கதானே அறுக்கச் சொன்னீங்க?"

அக்கா திரும்பித் தகரத் தடுப்பின் பக்கம் நடந்தார்.

மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் விட்டார்கள். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முனைக்கு வெல்டிங் வைத்துக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். புது இணைப்புக்கு ரோட்டைக் குறுக்கே தோண்ட வேண்டும். கீழே ரயில் பாதை, தோண்டக் கூடாது, போர்வெல் போடவும் கூடாது என்றார்கள். அக்கா லாரித் தண்ணீர் வாங்கித் துவைத்துப் பார்த்தார். துவைத்த கூலி தண்ணீருக்கே சரியாகப் போனது. நர்சிங் ஹோம் வேறு லாண்டரிக்குப் போய்விட்டது.

அக்கா கேட்ட மாதிரியே தடுப்பை எடுத்துவிட்டார்கள். ரோடு வழவழவென்று இருக்கிறது. நர்சிங் ஹோம் வண்டி இந்தப் பக்கமாகத்தான் போகிறது, எங்கள் கடைகளுக்கு முன்னால் வேகம்கூடக் குறைவதில்லை.

இஸ்திரி மேஜையைப் பழைய சாமான்காரர் எடுத்துப் போனார். மகள் வீட்டுக்குக் கிளம்பும் அன்று அக்கா ஒரு மூட்டையோடு என் கடைக்கு வந்தார். மேல்தட்டுத் துணிகள். குழந்தைச் சட்டையும் இருந்தது.

"இதெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும்டா."

"இனிமே யாருக்கா வரப்போறாங்க?"

"வரமாட்டாங்க, எனக்குத் தெரியாதா? அதுக்காக யாருதும் இல்லன்னு நீ சொல்லிடாதே. நான் ஒரு தடவை சொன்னதே போதும்."

மூட்டை என் மெஷினுக்கு மேலே இருக்கிறது. இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.