பச்சையாய் நின்ற மணிலா வயலும் அண்ணன் ஏற்ற பழியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அண்ணனின் அலுவலக நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டு மூன்று மாதம் ஆயிற்று. அச்சகத்தார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது என்பதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அண்ணன் சிங்கவரத்தில் பிறந்தார். எங்கள் நைனாவுக்கு ஏரிக்குக் கீழே சிறிது நஞ்சையும் மேட்டில் கொஞ்சம் புஞ்சையும் இருந்தன. நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். என்னைவிட ஆறு வயது மூத்தவர் அண்ணன். செஞ்சி உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் நடந்தே போய்ப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். அந்த வருடமே நைனா காலமானார். தாலுக்கா ஆபீசில் எப்படியும் ஒரு எழுத்தர் வேலை கிடைத்துவிடும் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்க, அண்ணன் ஒரு பல்பொடிக் கம்பெனியின் சரக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டைச் சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"படிச்ச புள்ள சந்தையில கூவி விக்கிறியே, உன் கூடப் படிச்சவங்க பார்த்தா இன்னா நெனப்பாங்க?"

"நான் எங்கம்மா கூவறேன்? பேசத்தான் பேசறேன். கூவறவங்கிட்ட ஒரு தடவதான் வாங்குவாங்க" என்றார் அண்ணன்.

அவர் கூவியதில்லை என்பதற்கு நான் சாட்சி. ஒரு சந்தை நாளில் கன்னம் வீங்கிய ஒருவர் பல்பொடி கேட்டு வந்தார். அண்ணன் அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பொடி கேக்காது பெரியவரே, செஞ்சிக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டு" என்று அனுப்பிவைத்தார். எனக்குக் கோபம் வந்தது. வந்த வியாபாரத்தைக் கெடுக்கிறாரே என்று. இரண்டு வாரம் கழித்து அதே மனிதர் வீங்காத கன்னத்தோடு வந்து தன் தெருவுக்கே பொடி வாங்கிக்கொண்டு போனார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் உரக் கம்பெனி எங்கள் வட்டத்துக்கு விற்பனைப் பிரதிநிதி தேடியது. விழுப்புரத்தில் அதன் கிளை அலுவலகம். மேலாளர் ஐயா நேர்முகத்தில், "எங்கள் உரத்தை உங்களால் விற்க முடியுமா?" என்று கேட்டாராம். "தெரியாது சார். முதல்ல ஒரு மூட்டை குடுங்க, எங்க வயல்ல போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்ததாக மேலாளர் ஐயா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அப்போது எங்கள் பக்கத்தில் ரசாயன உரத்தை 'வெள்ளை உப்பு' என்பார்கள். மண்ணைச் சுட்டுவிடும், சோறு வயிற்றில் நிற்காது என்றெல்லாம் பேச்சு. அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. ஊருக்கு ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து நடுவில் கயிறு கட்டுவார். ஒரு பாதிக்கு உரம், மறுபாதிக்கு வழக்கமான எரு மட்டும். அறுவடை அன்று சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களை அழைத்து, அவர்கள் கையாலேயே இரண்டு பாதியையும் மரக்காலால் அளக்கச் சொல்வார். பேச வேண்டியதை மரக்கால் பேசிவிடும். சைக்கிள் போய்க் கம்பெனி மோட்டார் சைக்கிள் வந்தது. அண்ணன் பெயரே ஊரில் 'கம்பெனிக்காரர்' என்று ஆயிற்று.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த சுவர் எழுத்துக்காரர், பஸ்ஸில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும்படி செஞ்சிக் கோட்டை மலையின் பாறையிலேயே உரத்தின் பெயரை எழுதிவிடலாம் என்று பெயிண்ட் டப்பாக்களோடு கிளம்பிவிட்டார். அண்ணன் குறுக்கே நின்று தடுத்தார். "கோட்டைய விட்டுட்டு உன் எழுத்தத்தான் பார்ப்பாங்கன்னு நெனக்கிறியா? பார்ப்பாங்க. பார்த்துட்டுக் காறித் துப்புவாங்க." தலைமை அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. மேலாளர் ஐயா அண்ணன் பக்கம் நின்றார்.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொத்தம் எட்டுப் பேர். மாதக் கூட்டத்தில் யார் எவ்வளவு விற்றார் என்பதை முதலில் கேட்கமாட்டார்கள். அந்த மாதம் எங்கே தோற்றோம் என்பதைத்தான் ஒவ்வொருவரும் முதலில் சொல்ல வேண்டும். தோல்வியைச் சொன்னவரை யாரும் குத்திப் பேசக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு மாதமும், அண்ணனின் ஊர்களைச் சக ஊழியர்கள் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். விற்பனையை மட்டும் அண்ணன் பெயரிலேயே எழுதினார்கள். நல்ல இடத்தில் அண்ணன் சேர்ந்திருக்கிறார் என்று அம்மா நிம்மதியோடு கண்ணை மூடினார்.

இனி, நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

அரிசிக்கு ஊரெங்கும் வரிசையில் நின்ற வருடம் அது. என் மகளுக்கு அவலூர்பேட்டையில் ஒரு நல்ல குடும்பத்தில் பேசி முடித்திருந்தோம். தை மாதம் கல்யாணம். பெண்ணைப் பெற்றவனுக்கு வரும் பயமெல்லாம் எனக்கு வந்தது. எல்லாம் மேட்டுப் புஞ்சைக் கொல்லையில் போட்டிருந்த மணிலாவை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை, நம்பித்தான். நெல்லுக்குப் போட்டதுபோக இரண்டு மூட்டை யூரியா வீட்டில் மிச்சம் இருந்தது. நெல்லை அப்படித் தூக்கிவிட்ட உரம் மணிலாவைத் தூக்காதா என்று எண்ணி, இரண்டையும் கொல்லையில் கொட்டினேன். அண்ணன் அப்போது ஒரு மாதப் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். மணிலாவுக்கு என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று முன்பே சொல்லித் தந்திருந்தார். அதில் யூரியா கிடையாது.

அவர் திரும்பி வந்தபோது கொல்லை கருகருவென்று பச்சையாய் நின்றது. முழங்காலைத் தொடும் செடி. மோட்டார் சைக்கிளை வரப்பிலேயே சாய்த்துவிட்டு உள்ளே இறங்கினார்.

"டேய், இன்னாடா போட்ட?"

"நீ சொன்னதுதாண்ணா."

அது பொய். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயில் வந்துவிட்டது. அண்ணன் அதை நம்பினார். தம்பி சொன்ன பிறகு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த வாரமே நான்கு ஊர்க்காரர்களை அழைத்துவந்து கொல்லையைக் காட்டினார். வந்தவர்களில் என் சம்பந்தியும் ஒருவர். அவரும் அடுத்த பருவத்துக்கு உரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணிலா பிடுங்கும் நாளில், அண்ணன் வழக்கப்படி எல்லோரும் கூடினார்கள். மேலாளர் ஐயாவும் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். அண்ணன் தாமே முதல் செடியைப் பிடுங்கினார். ஐந்தோ ஆறோ காய்கள். இன்னொன்று பிடுங்கினார். அதிலும் அப்படித்தான். ஓடிப்போய்க் கொல்லையின் மறுகோடியில் ஒன்றைப் பிடுங்கினார். சத்தெல்லாம் இலைக்குப் போயிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது.

"இன்னா கம்பெனிக்காரரே, எலைய செக்குல போட்டா எண்ண வருமா?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. "ஏன், கீரையா கட்டி செஞ்சி பஜார்ல விக்கலாமே" என்றார் இன்னொருவர்.

மேலாளர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"யூரியா போயிருக்குது சார், இதுக்குப் போடவே கூடாது. நான் சரியாப் பார்க்காம எல்லாரையும் கூட்டியாந்து காட்டிட்டேன். தப்பு என்னுது" என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி.

சம்பந்தி என் தோளில் கை வைத்து, "உங்க அண்ணன் விக்கறவரு, விக்கத்தான் பேசுவாரு. நீங்க பாவம் சம்பந்தி, உங்க கொல்ல போச்சு" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அண்ணனிடம் போனேன். "ண்ணா, நான் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

"வாயத் தொறக்காத. ஏமாத்தறவன்னா உன் சம்பந்திக்கு ஆகாது. கொழந்த கல்யாணம் நின்னுபோச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"உன் வேல?"

"அத நான் பார்த்துக்கறேன். போ, ஆளுங்களுக்குக் கூழ் ஊத்து."

அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் ஐயா, இவரை நீக்குவதானால் என்னையும் நீக்குங்கள் என்று பதில் எழுதினார். மாதக் கூட்டத்தில் அண்ணன் தம்முடைய தோல்வியைச் சொன்னார். ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்காமல் வயலைக் காட்டினேன் என்றார். என் பெயரை அங்கேயும் சொல்லவில்லை. பிறகு மேலாளர் ஐயாவும் அவரும் அன்று வந்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், நடந்த தவறையும் சரியான முறையையும் விளக்கினார்கள். சில வீடுகளில் உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தார்கள். போன வியாபாரம் திரும்ப இரண்டு வருடம் பிடித்தது. அண்ணன் பின்னர் மாவட்ட விற்பனை அலுவலரானார். ஆனால் மணிலாக் கதை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

மகள் கல்யாணம் தையில் நடந்தது. முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். புதிதாய்ப் போன பெண், கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு அவள் உண்டாகியிருந்தாள். பிறகு கைக்குழந்தை. பயப்படுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சென்ற ஆண்டு, ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்த வழியில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. ஐம்பத்திரண்டு வயது. கூட இருந்த ஊழியர்கள் தோளில் தாங்கி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் இருந்தார். எட்டாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ண்ணா, அந்தக் கொல்ல விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "புள்ள நடக்குதா?" என்று என் பேரனைப் பற்றிக் கேட்டார். நடக்கிறான் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

கருமாதி அன்று பந்தியில் ஓர் உறவினர், "தங்கமான மனுஷன். அந்த மல்லாட்ட விஷயத்துல மட்டும் ஊர ஏமாத்திட்டாரு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கதவோரம் நின்றிருந்த அண்ணி தலை குனிந்து உள்ளே போனார். நான் இலையின் முன் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். யூரியாவைக் கொட்டியவன் நான். கேட்டபோது பொய் சொன்னவனும் நான். அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் ஏமாந்தது ஒரே ஒருவனிடம்.

அண்ணனைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒன்பது நாளும் முறை வைத்துக் காவல் இருந்த அலுவலக நண்பர்களுக்கும், அண்ணிக்குச் சேரவேண்டிய கம்பெனிப் பணத்தைத் தாமே சென்னை வரை போய் வாங்கித் தந்த மேலாளர் ஐயாவுக்கும், ஈமச் சடங்குகளில் உடனிருந்த சிங்கவரம், செஞ்சி, அவலூர்பேட்டை உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

என் சம்பந்திக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை அவரிடம் கொண்டுபோனேன். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பொண்ணு எடுத்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல சம்பந்தி," என்றார். பிறகு காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "ஒரு வார்த்தகூட மாத்தாதீங்க. போய் அச்சுல போடுங்க."

ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அவர் சொன்னதை மட்டும் சேர்த்திருக்கிறேன். இனி அண்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மணிலாக் கொல்லையைச் சொல்லும்போது அது யார் கைவேலை என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கவரம்,
அண்ணனுக்கு இளையவன்.