மூன்று முறை அச்சில் செத்தவர்

செல்வநாயகி கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். அது பகல் வேஷம். 1988இல் அவர் பார்த்த நிஜ உத்தியோகம் துப்பறிதல். எங்கள் சங்கம் ‘இன்றைய பினாங்கு ஓவியர்கள்’ என்று ஒரு புத்தகம் போடக் கிளம்பியதும், விவரம் சேகரிக்கும் வேலையை அவர் பிடுங்கிக்கொண்டார். காரணம் திருநாவுக்கரசு. அந்த மனிதர் வரைந்த ஃபெர்ரியை ஒரு கண்காட்சியில் பார்த்தவர், அதிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

சங்கத் தலைவர் சிவகுருநாதன் அந்தப் பெயரைத்தான் அடித்தார்.

“ஆள் செத்துப்போச்சு, பிள்ளை. இது உயிரோட இருக்கிறவையின்ர புத்தகம். மூண்டு இடத்தில அச்சடிச்சிருக்கு. வேற என்ன ஆதாரம் வேணும்?”

மூன்றையும் செல்வநாயகி அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மலாய்ப் பத்திரிகை, ஆங்கில இதழ், கண்காட்சி மலர். மூன்றிலும் ‘சிம்பாங் அம்பாட்டில் காலமானார்’. என்ன நோய், என்றைக்கு, யார் கொள்ளி வைத்தது? மூச்சே இல்லை. அடடே, மூன்று சாட்சியா இது? ஒருவரைப் பார்த்து இருவர் அடித்த காப்பி! அக்காவுக்குக் கை பரபரத்தது.

முதலில் எழுதிய மலாய் நிருபர் நோர்மாவுக்குப் போன் போட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் ஓவியர் குடியிருந்த வீட்டுக்கே போய் விசாரித்ததாக நோர்மா அடித்துச் சொன்னார். தகவல் தந்தது பக்கத்து வீட்டு அம்மா.

அந்த அம்மா, நல்லம்மாள், மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மலாய்க்காரப் பொண்ணா? எனக்குத் தெரிஞ்ச மலாயில தெளிவாத்தான் சொன்னேன்லா. ‘ரூமா மாத்தி, சிம்பாங் அம்பாட்’டுன்னு. வீடு மாத்திப் போயிட்டாருன்னா அதுக்குப் புரியாதா?”

புரிந்தது. அதுதான் வினை. மலாயில் ‘ரூமா’ வீடு. ‘மாத்தி’ என்றால் செத்துப்போவது. வீட்டிலேயே உயிர் பிரிந்ததென்று நோர்மா பக்தியோடு எழுதிவிட்டார்.

அப்படியே அக்கரைக்கு ஃபெர்ரி, அப்படியே பஸ். சிம்பாங் அம்பாட்டில் கதவைத் திறந்தவரின் கையில் தூரிகை, சட்டையெல்லாம் நீலம்.

“ஐயோ, நீங்கள் உயிரோட இருக்கிறியள்!”

“பின்னே? ஆனா நான் செத்த சேதியப் படிச்சீங்களா, தங்கச்சி? என்னமா எழுதியிருக்காங்க! உயிரோட இருக்கறப்ப ஒருத்தன் ‘மேதை’ன்னு சொன்னதில்லலா. செத்தத எடுத்துடுங்க, மேதைய விட்டுடுங்க.”

அக்கா அவரைத் தூரிகையோடு சங்கத்துக்கு இழுத்து வந்தார். சிவகுருநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மேலும் கீழும் பார்த்தார்.

“ஆள் இருக்குதுதான். ஆனா உயிரோட இருக்கிறதா அச்சில ஒண்டும் இல்லையே, பிள்ளை.”

“நாங்கள்தானே அங்கிள் அச்சடிக்கப் போறம்!”

அடித்தார்கள். ‘திருநாவுக்கரசு, ஓவியர். வசிப்பது சிம்பாங் அம்பாட். ஆதாரம்: நேரில் கண்டது.’ அதன் கீழே, தலைவரின் பிடிவாதத்தால், பொடி எழுத்தில் ஒரு வரி: ‘காலமாகிவிட்டார் என்போரும் உளர்.’