ஞானமுத்துவுக்கு நான் பார்த்துக் கொடுத்த கார்

ஞானமுத்துவைக் கொன்றவன் நான்.

எல்லைக்காக உயிர் கொடுத்த தியாகி என்று ஆண்டுதோறும் உதியன்குளங்கரைப் படிப்பகத்தில் அவன் படத்துக்கு மாலை போடுகிறீர்களே... அந்த மாலையை எடுத்துக் கொடுக்கிறவனும் நான்தான். நீங்கள் கைதட்டுகிறீர்கள். நான் தலை குனிகிறேன். துக்கத்தில் குனிகிறான் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்!

சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் வாய்மூடி இருந்தது போதும்.

அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெயிண்டை ஏறிட்டும் பார்க்க மாட்டேன். நேரே அடியில் போய்ப் படுப்பேன். கியர் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்ப்பேன். சத்தத்தை அமுக்க மரத்தூள் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஒரு பேச்சு பேசாமல் திரும்பி நடப்பேன். அத்தனை திமிர் எனக்கு! அந்தத் திமிர் அன்றைக்கு மட்டும் எங்கே போய்த் தொலைந்தது?

ஞானமுத்து என் கூட்டாளி. தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. கூலிக்கு அடுத்தவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. மனைவி தங்கம்மை காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை.

"அண்ணே, நீங்க பாத்து நல்லதுண்ணு சொன்னா போரும். எனக்கு வேற ஒண்ணும் கேக்காண்டாம்" என்றாள்.

அவன் கையிலிருந்த பணத்துக்கு இரண்டே கார்கள் அகப்பட்டன.

ஒன்று, நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாளி டாக்டருடையது. சீட்டு கிழிந்து தேங்காய்நார் வெளியே தொங்கியது. கதவை ஓங்கி அடித்தால்தான் மூடும். ஆனால் அடியில் ஒரு குறை கிடையாது. முன்னால் செருகும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "காணான் கொள்ளில்ல, பக்ஷே வழியில் கிடத்தில்ல" என்று டாக்டர் சிரித்தார். பார்க்க லட்சணமில்லை, ஆனால் நடுவழியில் விடாது என்று அர்த்தம். நூற்றுக்கு நூறு உண்மை!

மற்றது, பாறசாலையில் ஜவுளிக்கடை முதலாளியுடையது. கருப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். எங்கள் எல்லைப் போராட்டக் கூட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நாங்கள் சோறு தண்ணீர் மறந்து திரிந்த காலம் அது. கையில் உப்பை அள்ளிச் சத்தியம் செய்திருந்தோம், மலையாளியிடம் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை என்று. அந்தச் சத்தியத்தை மேடையில் முதலில் சொல்லிக் கொடுத்தவன் நான். கைதட்டலின் ருசி அப்போதுதான் நாக்கில் பட்டிருந்தது... அது பொல்லாத ருசி, ஐயா!

முதலாளி வீட்டு முற்றத்தில் காருக்கு அடியில் படுத்தேன். முன்சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டியரிங் கம்பியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புது கிரீஸ் அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த மண். விரலால் வழித்தேன். உள்ளே, முறிந்ததை ஒட்டவைத்த தழும்பு. அந்தக் கம்பியை ஒட்டவைத்து ஓட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது!

வழித்த கிரீஸை அதே இடத்தில் திரும்பப் பூசினேன்.

ஏன்? இத்தனை வருடமாக என்னை நானே கேட்பது இதைத்தான். வெளியே முதலாளியோடு எங்கள் கூட்டத்து ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். "என்னலே, டாக்டருக்க வண்டியையும் போய்ப் பாத்தியளாமே? உப்புச் சத்தியம் அதுக்குள்ள கரைஞ்சு போச்சா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேருடைய சிரிப்பு! அதற்குப் பயந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஞானமுத்து என் காதருகே வந்தான்.

"லே மக்கா, எனக்கு டாக்டருக்க வண்டிதான் மனசுல நிக்குது. சத்தியத்துக்கு நான் மாப்பு கேட்டுக்கிடுதேன். நீ உள்ளதைச் சொல்லு."

"நம்ம ஆளுக்க வண்டி ஆக்கும். கண்ண மூடிட்டு எடு" என்றேன்.

எடுத்தான்.

புதுக் கம்பி ஒன்று வாங்கி நானே மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்! அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். கூட்டங்கள் இருந்தன, பேச வேண்டியிருந்தது.

நான்காம் மாதம் ஒரு கடையடைப்பு நாளில், பாறசாலைக்குப் போகிற இறக்கத்தில் அந்தக் கார் ஓடைப் பாலத்தின் கலுங்குச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. ஞானமுத்து அங்கேயே போய்விட்டான். பின்னால் ஒரு போலீஸ் லாரி வந்துகொண்டிருந்தது. அது போதாதா? லாரி இடித்துத் தள்ளியது என்றது ஊர்.

காரைத் தூக்க என்னைத்தான் அழைத்தார்கள். கம்பி அந்தத் தழும்பிலேயே இரண்டாக முறிந்து கிடந்தது. முறிவில் பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு. கழற்றி வேட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் குளத்தில் எறிந்தேன். பிறகு கூட்டத்தில் நின்று, "ஆமா, லாரி இடிச்ச தடம் இருக்கு" என்றேன்.

லாரி டிரைவரை எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஞான் தொட்டில்ல... ஞான் தொட்டில்ல" என்று அந்த மனிதர் அடிக்கு நடுவே கும்பிட்டார். தான் தொடவே இல்லை என்கிறார். அது உண்மை என்று அறிந்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். அவன் வாய் திறக்கவில்லை. பிறகு அவருக்கு வலக்கை விளங்காமலே போயிற்று என்று கேள்விப்பட்டேன்.

எல்லை களியக்காவிளையிலேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கேரளத்தோடு போயிற்று. அதற்கும் அழுதோம். டாக்டருடைய கார் மட்டும் பின்னும் ஒன்பது வருடம் ஓடியது. பொழியூரில் மீன் ஏற்ற யாரோ வாங்கியிருந்தார்கள். ரோட்டில் அது எதிரே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லாமலே செத்திருப்பேன். போன மாதம் தங்கம்மை வந்தாள். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது முப்பது வயது. பழைய கார் ஒன்று எடுத்து வாடகைக்கு ஓட்டப் போகிறானாம்.

"விக்கியவனுவள நம்ப முடியாது அண்ணே. அவருக்குப் பாத்தது போல இவனுக்கும் நீங்களே பாத்துக் குடுக்கணும்."

அவருக்குப் பார்த்தது போல!

மூன்று கார்கள் பார்த்தேன். மூன்றும் நல்லவை. மூன்றையும் வேண்டாம் என்றேன். நேற்று நான்காவது. அரைமணி நேரம் அடியில் கிடந்து, ஸ்டியரிங் கம்பியை அங்குலம் அங்குலமாகத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"மாமா, எடுக்கலாமா?" என்று அவன் குனிந்து கேட்டான். ஞானமுத்துவின் அதே மூக்கு.

எடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அதுவும் வரவில்லை.

"வேண்டாம் மக்கா" என்றேன்.

அவன் முகம் வாடிப்போயிற்று. தங்கம்மைதான் தேற்றினாள்.

"விடுலே. மாமனுக்குத் தெரியும். உனக்க அப்பனுக்கும் இப்பிடித்தான் அடியில கெடந்து, பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாரு."

சொல்லிக்கொண்டே, என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள்.