கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு

போன வாரம் புக்கிட் ரம்பாயில் ஒரு கடை வாசலில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. இரும்பு கருகும் வாசனை ஏறியதும் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டேன். எனக்கு அது ஒரு பெஞ்சின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

படிப்பு முடிந்து நான் முதலில் வேலைக்குப் போனது அங்கிருந்த இரும்புத் தொழிற்சாலைக்கு. எங்கள் சங்கத்துக்கு ஆபீஸ் கிடையாது. வெல்டர் முனியாண்டி அண்ணன் கழிவு இரும்பில் நீளமாக ஒரு பெஞ்சு செய்து, கேட்டுக்கு வெளியே சாலையோரம் சிமெண்டில் நட்டிருந்தார். கூட்டம், சண்டை, காலைச் சாப்பாட்டு நாசி லெமாக் எல்லாம் அதில்தான். கம்பெனி எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் உட்கார்ந்துகொண்டே இருந்தோம். வீட்டில் முதலில் படித்தவன் என்று என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். நானும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு திரிந்தேன்.

கம்பெனி சங்கத்தை ஏற்க மறுத்ததால் ரகசிய வாக்கெடுப்பு வந்தது. அப்போதைய விதிப்படி மொத்தத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் 'வேண்டும்' என்று போட வேண்டும். வராதவர் எதிர்த்துப் போட்ட மாதிரிதான். அந்த நேரம் பார்த்து முனியாண்டி அண்ணன் லீவு போட்டுவிட்டார். சங்கச் செயலாளர் ராஜு அண்ணன் அவருக்கு மச்சான். ராஜு அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் இல்லை என்று தன்னை எழுப்பிவிட்டதில் முனியாண்டி அண்ணனுக்குக் கோபம். அவர் வராவிட்டால் வெல்டர்கள் யாரும் வரமாட்டார்கள்.

வாக்கெடுப்பன்று காலையில் ராஜு அண்ணனோடு காரில் செலண்டாருக்கு, முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா, செயலாளரு நம்ம வீட்டுக்கெல்லாம் வர்றாரு?"

"ஓட்டுப் போட வா மச்சான்."

"பந்தியில எடமில்ல. ஓட்டுக்கு மட்டும் எடமிருக்கா?"

ராஜு அண்ணன் கிட்டே போனார். "அன்னிக்கி நான் பாத்திருக்கணும். தப்புதான் லா. இன்னிக்கித் தோத்தா பெஞ்ச அறுத்துருவானுங்க."

"எவன் அறுப்பான்?" சட்டையை மாட்டிக்கொண்டார். "ஒனக்காக வரல. பெஞ்சுக்கு வர்றேன்." காரின் முன்கதவைத் திறந்த என்னைப் பார்த்தார். "தம்பி, பின்னால போ. முன் சீட்டு எனக்கு."

ஜெயித்தோம். சில வருடங்களில் கம்பெனியே வேறு ஊருக்குப் போய்விட்டது. சங்கமும் கலைந்தது.

போன வாரம் வெல்டிங் வாசனை பிடித்த கையோடு அப்படியே பழைய கேட் வரை போய்ப் பார்த்தேன். பெஞ்சை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். சிமெண்டில் கால்களின் துரு பிடித்த அடித்துண்டுகள் மட்டும் இருந்தன. இப்போது அங்கிருக்கும் வேறு கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த நேப்பாளத் தொழிலாளர்கள் அவற்றில் இடறாமல் ஒதுங்கி வேனுக்குக் காத்திருந்தார்கள்.

எல்லாரும் நின்றுகொண்டுதான்.